வெள்ளிக்கிழமை மடலும் ஒரு தூக்கு வட்டலப்பமும்

மேலப்பாளையம்,
8 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய தங்கை ரைஹானத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் அன்புடன் அனுப்பிய இரங்கல் கடிதம் உரிய நாளிலேயே வந்து சேர்ந்தது. மறுமொழி இத்தனை நாள் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் காலத்தில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. வாசலைத் தாண்டலாகாது என்பதால் பகல் முழுவதும் என் கைவசமே இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் கோபம் ஒன்றே.

உடன்பிறந்தவளைத் ‘தாங்கள்’ என்று அழைப்பது முறையன்று என அறிவேன். ‘நீ’ என்று தொடங்கினால் முதல் வரியிலேயே ஏசிவிடுவேன் என்று அஞ்சினேன். முதல் பத்தியைக் கடந்துவிட்டேன். இனி நீதான்.

உன் மச்சான் மௌத்தான அன்று காலை முதல் உன் கைபேசிக்கு அழைத்துக்கொண்டே இருந்தோம். உன் நிறுவனத்தார் ஏலகிரி மலையில் மன அமைதி முகாம் நடத்தியதாகவும், எல்லோருடைய கைபேசிகளையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். நீ அங்கே கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாய். இங்கே ஒருவருக்கு மூச்சு நின்றிருந்தது. அடக்கத்துக்குத்தான் வர இயலவில்லை. மலையிலிருந்து இறங்கிய பின்னருமா வழி தெரியவில்லை?

நீ அனுப்பும் குரல் செய்திகளை நான் கேட்பதில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதும்போது மட்டுமே என்னால் கோபமாக இருக்க முடிகிறது.

உன் நிறுவனத்துக்காக நீ எழுதி, வெள்ளிதோறும் கைபேசிகளுக்கு அனுப்பும் நலவாழ்வு மடலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அதற்குப் ‘பைய’ என்று பெயரிட்டாய். உலைப்பானையை இறக்கும்போது நம் உம்மா சொல்லும் சொல்லைச் சென்னையில் விலைப்பொருளாக்கினாய். அதையும் பெருமை என்றே கொண்டேன். புதிய வாசகிகள் சேர்ந்தால்தான் வேலை நிலைக்கும் என்று நீ சொன்னதால், இந்தத் தெருப் பெண்களின் கைபேசிகளை வாங்கி ஒவ்வொருவரையும் என் கையாலேயே சேர்த்தேன். ‘உங்களுக்கு எது தேவை? தூக்கம், எடைக் குறைப்பு, மூட்டு நலம், மன அமைதி’ என்று உன் படிவம் கேட்டபோது, பக்கத்து வீட்டு ஹமீது பீவி, “ஒண்ணத்தான் எடுக்கணுமா? நாலையும் போடுங்க லாத்தா, ஓசிதானெ” என்றாள். எனக்கு நான் மூட்டு நலத்தை மட்டும் குறித்தேன். மற்ற மூன்றும் தேவை என்று ஒரு படிவத்தில் ஒப்புக்கொள்ள என் மானம் இடம் தரவில்லை.

கைபேசியைத் தள்ளி வை என்னும் அறிவுரையைக் கைபேசியிலேயே அனுப்பும் துணிவு உன் நிறுவனத்தாருக்கு மட்டுமே வரும். எள்ளிக்கொண்டேதான் படித்தேன், ஆயினும் படித்தேன். வெந்நீர் குடி என்றால் குடித்தேன். உன் மச்சான் சிரித்தார். “ஒன் தங்கச்சி மெட்ராசுல இருந்து சொன்னாத்தான் ஒனக்குத் தாகமே எடுக்குமோ?” என்றார்.

ஜூலையில் ஒரு வெள்ளியன்று ‘மறுப்பதும் அன்பே’ என்று தலைப்பிட்டாய். நோயாளி கேட்பதையெல்லாம் கொடுப்பது அன்பாகாது. உறுதியாக மறுப்பவளே உண்மையில் காப்பவள் என்று எழுதினாய். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகம் வரைக்கும் போயிருந்த நேரம். அடுத்த நாள் அவருடைய அக்கா சபீதா மைனி தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாய் அவித்த வட்டலப்பத்தைத் தூக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். “தின்ன வேண்டாம். மூடியத் தெறந்து மட்டும் காட்டு. எங்க அக்கா கைமணத்தப் பாத்துக்கிடுதேன்” என்றார் உன் மச்சான். அவர் கேட்டது உணவையன்று, உடன்பிறந்தவளின் இருப்பை. நான் மூடியைத் திறக்கவில்லை. காப்பவள் அல்லவா! அடுக்களைக்குக் கொண்டுபோய், நின்றவாறே முழுவதையும் நானே தின்று, தூக்கைக் கழுவிக் கவிழ்த்தேன். திங்களன்று அவர் போய்விட்டார்.

மைனி கேட்டபோது, அவர் வழித்துத் தின்றார் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மைனி எழுந்து நடமாடுகிறார். எனக்குச் சோறும் கொண்டுவருகிறார்.

இதை உன்னிடம் சொல்வது ஆறுதல் வேண்டியன்று. நான் செய்தது சரிதான் என்று உன் மடல் பாணியில் எழுதிவிடாதே. எழுதினால் அந்தத் தாளைக் கிழித்து உனக்கே திருப்பி அனுப்புவேன்.

நஃபீஸத்


சென்னை,
14 செப்டம்பர் 2025

ராத்தாவுக்கு, ஸலாம்.

உங்கள் கடிதத்தை மாடிப்படியிலேயே நின்று படித்து முடித்தேன். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

சரி என்றும் எழுதவில்லை, தப்பு என்றும் எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இனிப்பைக் காட்டவே கூடாது என்று டாக்டரும்தானே சொன்னார்? அவர் மேல் உங்களுக்குக் கோபம் இல்லை. அவர் உங்கள் தங்கை இல்லையே! மடல் என்றால் வசதி, அதை ஏசலாம். எழுதுகிறவள் வீட்டுப் பிள்ளை, எங்கே போய்விடுவாள்?

மலையிலிருந்து இறங்கியதும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்காரவும் செய்தேன். நீங்கள் வாசலில் நின்று, ‘வாருங்கள், மூச்சுப் பயிற்சியெல்லாம் முடிந்ததா?’ என்று செந்தமிழில் கேட்பீர்கள் என்று நினைத்ததும் இறங்கிவிட்டேன். கோழைத்தனம்தான். ஆனால் என்னைக் கோழையாக்கியதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் என் விடுப்புக் கடிதத்தைக்கூட நீங்கள்தான் எழுதினீர்கள். ‘காய்ச்சல்’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு ‘உடல் நலிவு’ என்று போட்டீர்கள். இப்போது என் மடலை அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, தபாலில் அனுப்புகிறீர்கள். என் அலுவலகத்தில் அதைச் சுவரில் ஒட்டிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அது எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

வாரா வாரம் நூறு கட்டுரைகளைப் பார்த்து ஒன்றை எழுதுகிறேன். மஞ்சள் நல்லது, நடை நல்லது, நன்றி சொல்வது நல்லது. எல்லாம் உண்மைதான், ஆனால் எதிலும் உயிர் இல்லை. உங்கள் கடிதத்தில் மச்சான் பேசும் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்த பிறகு நான் எழுதும் எதையும் எழுத்து என்றே சொல்ல முடியவில்லை. கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஒரு தடவை போன் எடுங்கள் ராத்தா. ஏசுவதற்காவது எடுங்கள்.

ரைஹானத்


மேலப்பாளையம்,
27 செப்டம்பர் 2025

ரைஹானத்,

ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். அதற்கு மேல் மரியாதை எதையும் இக்கடிதத்தில் எதிர்பாராதே.

நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்த வேளையில் சபீதா மைனி வந்தார். கையில் சோற்றுத் தூக்கு இல்லை. மருமகளின் கைபேசி இருந்தது. பாயில் உட்காரவும் இல்லை.

“ஏட்டி நஃபீஸா, இத ஒரு தடவ ஒன் வாயால வாசி.”

வாசித்தேன். ‘மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி’ என்று தொடங்கியது. வட்டலப்பம் பால்கோவா ஆகியிருந்தது. கணவனின் அக்கா அதைத் தூக்கில் கொண்டுவருகிறாள். கட்டிலில் கிடக்கும் கணவன் சொல்கிறான்: “தின்ன வேண்டாம். மூடியத் தெறந்து மட்டும் காட்டு.” அவ்விடத்தில் என் நாக்கு நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்ட? வாசி. சின்னப்புள்ளயில இருந்து எந்தம்பி பேச்சுட்டி இது. பள்ளிக்கொடம் விட்டு வந்தா அடுப்படியில வந்து நிப்பான். மூடியத் தெறந்து காட்டு, மூடியத் தெறந்து காட்டுன்னு முந்தானயப் புடிச்சி இழுப்பான். மதுரையில எவன்ட்டி இப்படிக் கேப்பான்?”

“மைனி, இது வந்து…”

“வழிச்சித் தின்னான்னியே. கடசியா எங்கையால தின்னுட்டுத்தான் போனாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே. சொல்லு. தின்னானா, தின்னலயா?”

எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். நூலகத்து அகராதியைப் பக்கம் பக்கமாகப் படித்துத் தமிழ் கற்றேன். நேற்று பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். மைனி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இன்று சோறு வரவில்லை. சோறு பொருட்டன்று, நானே பொங்கிக்கொள்வேன். அவர் வரவில்லை என்பதுதான் பொருட்டு. அந்தக் கைபேசியில் அவருக்காக மடலைச் சேர்த்தவள் நான். ‘மன அமைதி’ என்னும் கட்டத்தை என் விரலாலேயே தொட்டுக் கொடுத்தேன்.

அவர் போனபின் என் கைபேசியில் மீதியைப் படித்தேன். ‘அவள் மூடியைத் திறந்தாள். இருவரும் கண்ணை மூடி மணத்தை நுகர்ந்தார்கள். சிரித்தார்கள்.’ யாரடி திறந்தது? யார் சிரித்தது? ‘அவர் கேட்டது உணவையன்று, உடன்பிறந்தவளின் இருப்பை’ என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ‘உணவு என்பது உணர்வு!’ என்று போட்டிருக்கிறாய். பக்கத்தில் ஒரு மஞ்சள் முகம் பல்லைக் காட்டுகிறது. அதன் கீழே குற்ற உணர்வை உதிர்க்க நான்கு படிகள். என் துயரத்தைக் களவாடினாய். களவாடியதை அப்படியே வைத்திருந்தாலும் ஒருவாறு பொறுத்திருப்பேன். சர்க்கரை போட்டல்லவா விற்றிருக்கிறாய்! மறுப்பதும் அன்பே என்று எழுதியவள் என் கதையில் ஒரு கசப்பைக்கூட மறுக்கவில்லை.

மடலிலிருந்து விலகப் பார்த்தேன். ‘போகிறீர்களா? வருந்துகிறோம். காரணம் என்ன?’ என்று கேட்டது. மடல்கள் அதிகம், பயனில்லை, நான் நலமடைந்துவிட்டேன் என்று மூன்று காரணங்கள் இருந்தன. என் காரணம் அங்கே இல்லை. பயனில்லை என்று அழுத்தவும் மனம் வரவில்லை. உன் மச்சானிடம் சொல்ல முடியாத அச்சங்களோடு விழித்துக் கிடந்த நாட்களில் என்னை வெள்ளிதோறும் பெயர் சொல்லி விசாரித்தது அது ஒன்றுதான். அந்த நன்றியும் சேர்ந்துதான் இப்போது எரிகிறது. அப்படியே மூடி வைத்தேன்.

ஹமீது பீவியையாவது விலக்கிவிடலாம் என்று கைபேசியைக் கேட்டேன். “எதுக்கு லாத்தா? நல்லாத்தானெ இருக்கு. நேத்து அந்தப் பால்கோவாக் கதையப் படிச்சிட்டு நெஞ்சு லேசாகுத மட்டுக்கும் அழுதேன்” என்கிறாள். அழுதவள் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். யாருக்காக அழுதாள் என்பது அவளுக்குத் தெரியாது.

மைனியை எனக்குத் திருப்பிக் கொடு. எப்படிக் கொடுப்பாய் என்று நான் அறியேன். நீயே யோசி.

நஃபீஸத்


சென்னை,
1 அக்டோபர் 2025

ராத்தா,

செய்தது தப்பு. இதற்கு முட்டுக் கொடுக்க நான் எழுதவில்லை.

ஊரை மாற்றினேன், பலகாரத்தை மாற்றினேன், போதும் என்று நினைத்தேன். மச்சானின் பேச்சை மட்டும் மாற்றக் கை வரவில்லை. மூடியைத் திறக்க வைத்தது எங்கள் மடலின் ஆசிரியர் ஸ்னேகா. “திறக்காவிட்டால் படிக்கிறவளுக்கு என்ன ஆறுதல்?” என்று கேட்டார். நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் அதைத் திறந்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. நான் எழுதியதில் இந்த மடலைத்தான் மிக அதிகம் பேர் படித்திருக்கிறார்கள். அலுவலகத்தில் கை தட்டினார்கள். நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால் ராத்தா, என்னைக் கள்ளி என்கிறீர்கள். வழித்துத் தின்றார் என்று சபீதா மைனியிடம் சொன்னது யார்? அவர் மனம் ஆற வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சர்க்கரை போட்டுத்தானே கொடுத்தீர்கள்? நான் ஊருக்குப் போட்டேன், நீங்கள் ஒருவருக்குப் போட்டீர்கள். சிவப்பு மையை முதலில் உங்கள் வரியில் வையுங்கள்.

சரி, சண்டை இருக்கட்டும். ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை மடலின் முதல் வரியே இதுதான்: ‘கடந்த வாரம் வெளியான பால்கோவா நிகழ்வு முழுக்க முழுக்கக் கற்பனை. அதில் வந்த பேச்சு தெற்கத்தி வீடுகளில் சாதாரணமாகப் புழங்குவது. எந்தக் குடும்பத்தையும் குறிப்பதன்று.’ ஸ்னேகாவிடம் பிடிவாதமாக நின்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். மைனி படிப்பார், வருவார். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மச்சான் தின்றதாகவே இருக்கட்டும். மைனி மறுபடியும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியட்டும். யாருக்கு நட்டம்?

உங்கள் சம்மதத்தைக் கேட்டிருக்க வேண்டும். நாளை விடுமுறை, தபால் ஓடாது, போனையும் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் கேட்கவில்லை.

ரைஹானத்


மேலப்பாளையம்,
7 அக்டோபர் 2025

ரைஹானத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உன் மடல் அதற்கு முந்தின நாளே வந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஆகவே என்னைக் கலந்துகொள்ளாமல் நீ கண்டுபிடித்த வழியில், எதுவும் அறியாமலே நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளி மாலை மைனி வந்தார். சோறு, மீன் ஆணம், பொரித்த அப்பளம். வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“ஏட்டி, கற்பனையாமே! பாரு, மொதல் வரியிலயே போட்டிருக்கான். நான் ஒரு கிறுக்கச்சி, எந்தம்பி பேச்சு எந்தம்பி பேச்சுன்னு குதிச்சிட்டேன். இத்தாவுல இருக்க புள்ளைக்குச் சோறு கொண்டாராம இருந்தேனே, அல்லா என்ன மன்னிப்பானா? நீ மன்னிப்பியா?”

இலையை விரித்தார். மீனின் நடுத்துண்டை எனக்கு வைத்தார். முள்ளை அவரே எடுக்கத் தொடங்கினார். நான் ஒரு கவளம் உண்டேன். இரண்டாவது கவளத்தைக் கையில் எடுத்தேன். நீ சொன்னது போல் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்; உன் கடிதம் கிடைக்கும் முன்னரே அந்த ஆசை எனக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் விடவில்லை. “மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுட்டி” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அநீதிக்கு ஆளானவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை.

“மைனி, அது நடந்ததுதான். அவிய தின்னல.”

முள் எடுத்த கை நின்றது.

“மூடியயாவது தெறந்து காட்டுனியா?”

“இல்ல மைனி.”

“தெறந்தாள்னுல்லா அதுல எழுதியிருக்கு?”

“அது ரைஹானத்து எழுதுனது. நான் தெறக்கல.”

“ஏம்ட்டி?”

“தெறந்தா குடுத்துருவேன்னு பயம்.”

எடுத்த முள்ளை இலையோரம் வைத்தார். பின்பு, “அப்பொறம் அத என்ன செஞ்ச? கொட்டிட்டியா?” என்றார்.

“அடுப்படியில நின்னுக்கிட்டு நாந்தான் தின்னேன்.”

“எப்படி இருந்துச்சி?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எந்த மடலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பொய் சொல்லிப் பழகிய வாய் அன்று ஓய்ந்திருந்தது. “இனிப்புக் கொஞ்சம் கூடுதல் மைனி” என்றேன்.

“அவனுக்குன்னு கூட்டித்தாம்ட்டி போட்டேன்! ஒரு வாயி தின்னாலும் நாக்குல நிக்கட்டும்னுதாம்ட்டி போட்டேன்!” என்று சொல்லி, மீன் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை அடங்கியதும் ஏச்சு தொடங்கியது. என்னை ஏசினார், என் படிப்பை ஏசினார். பொஸ்தகம் படிச்ச பவுசு, மூடியத் தெறக்கத் தெரியாத மூதி என்றார். ஹமீது பீவி சுவரோரம் வந்து நின்றாள். “ஒனக்கென்னட்டி வேடிக்க?” என்று அவளுக்கும் விழுந்தது. நான் செய்தது சரிதான் என்று மைனி சொல்லவில்லை. போனது போகட்டும் என்றும் சொல்லவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே எண்ணினேன்.

சனிக்கிழமை வந்தார். சோறு வைத்தார், ஏசினார். ஞாயிறும் வந்தார். நேற்று ஏசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, “ஆணத்துல உப்பு இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். மறுபடியும் தொடங்கினார். இன்று, உன் மச்சான் சிறு வயதில் எப்படியெல்லாம் அடம் பிடிப்பார் என்று சொல்லிவிட்டு, அதன் முடிவிலும் ஏசினார். நான் ஒன்றையும் மறுத்துப் பேசுவதில்லை. பொய்யில்லாத வாயோடு அவர் எதிரில் உட்கார முடிகிறது, அது போதும்.

உன் கடிதத்தில் ஒரு வரி சரி. என் பொய்க்கும் உன் மடலுக்கும் இடையில் நான் நினைத்த தூரம் இல்லை. இதை ஒப்புக்கொள்வதால் உன் மீதுள்ள கோபம் குறைந்துவிட்டது என்று கருதாதே. நான் ஒருத்தியிடம் சொன்னேன், அவரிடமே திருத்திக்கொண்டேன். உன்னுடையது இன்னும் ஊரூராகத் திரிகிறது. எங்கோ ஒருத்தி அந்த நான்கு படிகளில் ஏறிக்கொண்டிருப்பாள். பால்கோவாக் கதையில் வந்தவள் மூடியைத் திறக்கவில்லை என்று அடுத்த மடலில் எழுது. ஆறுதல் எதையும் சேர்க்காமல் எழுது. ஸ்னேகா மறுத்தால், மறுப்பதும் அன்பே என்று நீயும் மறுத்துப் பார்.

நான் மடலிலிருந்து விலகவில்லை. நீ என்ன எழுதுகிறாய் என்று பார்க்க வேண்டும். மைனியும் விலக மாட்டாராம். “கால் கடுப்புக்கு அதுல சொன்ன வெந்நீர் ஒத்தடம் கேக்குதுட்டி. அத எதுக்கு விடணும்? எழுதுதவளத்தான் கூப்பிட்டு நாலு கேக்கணும்” என்கிறார்.

உனக்கென்று தனியாக ஏச்சு சேர்த்து வைத்திருப்பதாகவும், அது போனில் கொடுப்பது இல்லை என்றும் சொல்லச் சொன்னார். வாசலில் நான் செந்தமிழில் எதுவும் கேட்க மாட்டேன். பஸ்ஸில் ஏறினால் இந்த முறை இறங்காதே.

எந்தத் தேதியில் வருகிறாய் என்று உடனே பதில் எழுது.

நஃபீஸத்